சூடேறிய பின் எடுத்த அளவு

ஜூன் 8, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மிக்ஸி ஜாரைப் பழுதுக்குக் கொடுத்து ஒரு வாரமாகிறது, போய் வாங்க வேண்டும்.

காலையில் நீதிமன்ற ஊழியர் ஒருவர் வந்து உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு காரைச் சோதித்து, தானாக நின்றுபோகும்படியான கோளாறு அதில் இருந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இயந்திரவியல் பேராசிரியர் செண்பகவல்லி என்று என் பெயர் போட்டே வந்திருக்கிறது.

வழக்கு ஊரறிந்தது. ஏப்ரல் கடைசியில் மாரிச்செல்வி என்ற பெண்ணும் அருள்செல்வன் என்ற பையனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாடகைக் காரில் கிளம்பினார்கள். பையன் காலனிக்காரன். பெண் அப்படி இல்லை. நட்டநடு மத்தியானத்தில், காற்றாலைகளுக்கு நடுவே ஆளில்லாத இடத்தில் கார் நின்றது. அங்கே பையனை வெட்டிக் கொன்றார்கள். பெண்ணின் அப்பாவும் சித்தப்பாமாரும் வேனில் துரத்தி வந்து வெட்டினார்கள் என்கிறான் கார் ஓட்டிய லூர்து. லூர்துதான் நகைக்கு ஆசைப்பட்டு வண்டியை அங்கே நிறுத்தி வெட்டினான் என்கிறார்கள் பெண் வீட்டார். பெண் இப்போது அப்பா வீட்டில் இருக்கிறாள். அவளும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். உள்ளே இருப்பது லூர்து. வண்டி நன்றாக இருந்ததென்றால் அவன் ஏன் அங்கே நிறுத்தினான் என்பது அவனுக்கு எதிரான பெரிய கேள்வி. அவனுடைய வழக்கறிஞர் ஜெசிந்தா கேட்டுக்கொண்டதால்தான் இந்தச் சோதனை.

டிரைவர்கள் பொய் சொல்வார்கள். அப்பாக்களும் சொல்வார்கள். இயந்திரம் பொய் சொல்லாது என்று மாணவர்கள் எழுதும்போது அதையும் அடித்துவிடுவேன். கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் அதுவும் பொய் சொல்லும்.

மாலை பிரின்சிபால் போன் செய்தார்.

"மேடம், முதுகுவலின்னு ஒரு லெட்டர் குடுத்துருங்களேன். வேற யாரையாவது போட்டுக்கிடுவாங்க."

"முதுகு நல்லா இருக்கு சார்."

"நம்ம கரெஸ்பாண்டன்ட் அந்தப் பொண்ணு வீட்டுக்கு வேண்டியவரு. நீங்களும் நம்மாளு. அதான் சொல்லுதேன்."

மிக்ஸி கடை மூடியிருந்தது.

ஜூன் 10, புதன்

காரைக் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே காவலுக்கு ஏட்டு சங்கரபாண்டி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறதாம். வந்ததும் ஸ்டூலை நிழலில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளைக் கார். பின்பக்க இடது ஜன்னல் கண்ணாடி இல்லை. பின் சீட்டில் ரத்தம் காய்ந்து தோல்போல உரிந்து நிற்கிறது. கூரைத் துணியில் மேல்நோக்கித் தெறித்த கோடுகள் இருக்கின்றன. அரிவாளை வெளியே இழுத்து ஓங்கும்போது தெறித்தவை. கதவுக் கைப்பிடியில் கொத்தாக நீள முடி, வேரோடு. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது. நாற்றம் முன் சீட்டுக்கும் வருகிறது. முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன்.

செய்தது: பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன மோட்டார் பம்ப் இருக்கும். அதுதான் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிறது. தள்ளும் அழுத்தம் மூன்று பார் அளவுக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் திணறும், பாதியானால் நின்றுவிடும். எஞ்சின் பக்கக் குழாயைக் கழற்றி, நடுவில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினேன். சாவியைப் போட்டதும் 3.2. எஞ்சின் ஓடும்போது 3.2. அணைத்த பிறகும் இறங்கவில்லை. ஃபில்டரில் அடைப்பு இல்லை. பம்புக்குப் போகும் மின்சாரம் சரி.

"நல்லா இருக்கா மேடம்?" என்றார் சங்கரபாண்டி.

"இருக்கு."

"அப்ப அந்தப் பயதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஜூன் 11, வியாழன்

ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 3.2. அசையவில்லை.

அண்ணன் போன் செய்தார். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான். வண்டி எப்படி என்று கேட்டார். இதுவரை குறை ஒன்றும் தெரியவில்லை என்றேன். "நீ படிச்ச படிப்பு இப்பத்தான்ட்டி பிரயோசனமாயிருக்கு" என்று சிரித்தார். அண்ணன் கந்தவேல் ஊர்ச் சங்கத்தில் செயலாளர். பெண்ணின் அப்பாவுக்குப் பெயில் ஆட்கள் தயாராக வைத்திருப்பதாகவும், இனி அது தேவைப்படாது என்றும் சொன்னார்.

மிக்ஸி ஜார் வந்துவிட்டது. மூடி வேறு யாருடையதோ.

ஜூன் 12, வெள்ளி

லூர்துவைப் பார்த்தேன். காயத்தோடு இருப்பதால் அரசு மருத்துவமனையில் கைதிகளுக்கான வார்டில் வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா கூட வந்தாள். வயது முப்பதுதான் இருக்கும், கோபக்காரி. எனக்குக் கோபக்காரர்கள்மீது பெரிய நம்பிக்கை இல்லை.

லூர்துவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிச்சம். இடது தோளிலிருந்து கழுத்து வரை தையல் தழும்பு. வண்டி எப்படி நின்றது என்பதை மட்டும் சொல் என்றேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"மொதல்ல குதிச்சு குதிச்சுப் போச்சுக்கா. ஆக்சிலேட்டர மிதிச்சா ஏறலை. ஏ.சி.ய அமத்தினேன். கொஞ்சம் ஓடிச்சு. அப்புறம் நின்னுட்டு. பின் சீட்டுக்கு அடியில வண்டு கத்துத மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சாவியத் திருகுதேன், திருகுதேன், சுத்துது, பிடிக்கலை. அருள் இறங்கித் தள்ளவான்னு கேட்டான். இறங்காதலேன்னேன். அதுக்குள்ள வேன் வந்துட்டு."

ஜெசிந்தா போதும் என்றாள். அவன் நிறுத்தவில்லை.

"கண்ணாடிய உடைச்சு அந்த ஓட்டை வழியாவே வெட்டினாங்க. கதவத் திறக்கக்கூட இல்லை. அந்தப் பிள்ளை அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அது தலைமுடியப் பிடிச்சு அவங்க சித்தப்பா வெளிய இழுக்காரு, அது விடலை. அப்பா அவ விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. நான் சாவியத் திருகிக்கிட்டேதான் இருந்தேன். கிளம்பிட்டா போயிரலாம்லா. 'இன்னும் திருகுதான் பாரு'ன்னு ஒருத்தன் சிரிச்சான். சிரிச்சுட்டுத்தான் கையில போட்டான்."

வலது கை. சாவி திருகும் கை. அரிவாள் பிடிக்கிறவனுக்கு அந்தக் கையில் மூன்று விரலையும் குறுக்காக வெட்டிய காயம் வருவது கடினம். ஆனால் அது என் வேலை இல்லை. வண்டு கத்தும் சத்தம் என் வேலை.

"நிக்கும்போது பெட்ரோல் எவ்வளவு இருந்துது?"

"ரிசர்வ் லைட்டு காலையில இருந்தே எரிஞ்சுது. அது எப்பவும் அப்படித்தாங்கா. ஓனர் டிரிப்புக்குத் தக்கனதான் பெட்ரோல் போடுவாரு. மிச்சம் வச்சா நாங்க உறிஞ்சி வித்துருவோமாம். ரெண்டு வருசமா ரிசர்வுலதான் ஓடுது."

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். வழக்கமாக நான் வெளியில் டீ குடிப்பதில்லை.

ஜூன் 13, சனி

நான் சோதித்தபோது ரிசர்வ் விளக்கு எரியவில்லை. டேங்கில் குச்சி விட்டு அளந்தேன். பதினொரு லிட்டருக்கு மேல் இருக்கிறது.

சங்கரபாண்டியிடம் கேட்டேன்.

"நான்தான் மேடம் போட்டேன். ஸ்டேசனுக்கு ஓட்டிட்டு வரும்போதே லைட்டு கண்ண சிமிட்டுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பாக்க வாறாங்கன்னதும் அஞ்சு லிட்டர். இங்க கொண்டாறதுக்கு முந்தி இன்னொரு ஏழு லிட்டர். நம்ம கையில இருக்க வண்டிய அடுத்தவங்ககிட்ட குடுக்கும்போது வெறும் டேங்கோட குடுக்கக்கூடாது மேடம். எங்கூர்ல கல்யாணத்துக்கு பைக் இரவல் வாங்கினாக்கூட நிரப்பித்தான் திருப்பிக் குடுப்போம். நீங்க வேற பொம்பளப் பிள்ளை. தள்ளிக்கிட்டா கெடப்பீங்க?"

டேங்குக்குள் இருக்கும் பம்ப், தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலில்தான் சூடு ஆறுகிறது. பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் வரை வயதான பம்பும் நன்றாக ஓடும். அடியில் இரண்டு விரற்கடைப் பெட்ரோலோடு மத்தியான வெயிலில் ஓடினால் கதை வேறு. ஆர்.டி.ஓ. ஆள் சோதித்ததும் நான் சோதித்ததும் கொலை நடந்தபோது இருந்த வண்டியை அல்ல, மரியாதைக்குப் பெட்ரோல் ஊற்றிய வண்டியை.

"தப்பாப் போச்சா மேடம்?"

"இல்லை. நல்லவேளை சொன்னீங்க."

அவர் முகம் கொஞ்சம் மாறிவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று யோசித்திருப்பார்.

ஜூன் 15, திங்கள்

மூன்று லிட்டர் மட்டும் விட்டுவிட்டு மற்றதை இறக்கினேன். ரிசர்வ் விளக்கு எரிந்தது. வண்டியை வெயிலில் நிறுத்தி, பானெட்டை மூடி, ஏ.சி.யைப் போட்டு ஓடவிட்டேன். கேஜை முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினேன். ஆனிக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது.

அரை மணி வரை 3.2. பிறகு பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம். 2.9. ரீங்காரம் கூடக்கூட முள் இறங்கியது. 2.4. எஞ்சின் இருமத் தொடங்கியது. ஏ.சி.யை நிறுத்தினேன், ஒரு நிமிடம் தெளிந்தது. 1.9. 1.5. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. தீப்பொறி வருகிறதா என்று பார்த்தேன்; வருகிறது. மின்சாரம் பம்ப் வரை சரியாகப் போகிறது. அழுத்தம்தான் இல்லை. திருப்பத் திருப்ப முள் இன்னும் இறங்கியது. விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி கழித்துக் கிளம்பிவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல.

இரண்டாவது தடவையும் செய்தேன். அதே இடத்தில் நின்றது. சங்கரபாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை போடவில்லை.

"அந்தப் பய சொன்னது நெசந்தானா மேடம்?"

"வண்டி தானா நிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. எஞ்சின் நின்ற பிறகு நானும் சாவியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தேவைக்கு அதிகமாக. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரின்சிபால் அறை ஜன்னலில் யாரோ நின்றார்கள்.

ஜூன் 16, செவ்வாய்

அண்ணன் காலையிலேயே வந்தார். இட்லி வைத்தேன். சாம்பாரில் உப்புப் பற்றவில்லை என்றார்.

"ஏட்டி, அம்பது வயசு ஆவப்போவுது. இன்னும் கிரீஸுலயே கெடக்கியே."

"சட்னி போடவா?"

"மொதல்ல பாத்ததுதானே பாத்தது. வண்டி நல்லா இருக்குன்னு நீதான போன்ல சொன்ன? அதையே எழுதிக் குடு."

"அது ஆறின வண்டியில எடுத்ததுண்ணே. நின்னது சூடான வண்டி."

"ஆறினது, சூடானது. என்னட்டி, காப்பியா? காலனிப் பய ஒருத்தன் செத்துட்டான், இன்னொருத்தன் உள்ள இருக்கான். இதுக்காவ நம்மாளு நாலு பேரு குடும்பம் தெருவுக்கு வரணுமா?"

"நான் யாருக்காவயும் பாக்கலை. பிரஷர் எவ்வளவுன்னு பாத்தேன்."

கையைக் கழுவி, என் துண்டில் துடைத்தார். நிதானமாகவே பேசினார்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உன்னயப் பேசித்தான் கூட்டிட்டு வந்தேன். ஒரு அடி அடிச்சேனா? அவனும் பஸ் ஏறிப் போயிட்டான்னு இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கியாக்கும்?"

தட்டைக் கழுவப் போட்டேன்.

அவர் கிளம்பும்போது வாசல் கதவு இடுக்கில் என் வலது கை மாட்டிக்கொண்டது. தேக்குக் கதவு, கனம். இரண்டு தடவை மாட்டிக்கொண்டது.

இடது கையால் எழுதுகிறேன். நேரமாகிறது.

ஜூன் 17, புதன்

மூன்று விரல் முறிவு. நர்ஸ் எப்படி என்று கேட்டாள். கதவு என்றேன். சீட்டில் எதையோ எழுதினாள். அதற்கு முன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

ஜூன் 18, வியாழன்

அன்று பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றவரின் பெயரைக் கணினியில் தேடிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் தேடியதில்லை. அதே பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படங்களையும் பார்த்தேன். யாரும் அவர் இல்லை.

தண்ணீர் வந்தது.

ஜூன் 19, வெள்ளி

பின் சீட்டைத் தூக்கி டேங்கைத் திறந்தோம். திருகுகளைக் கழற்றியது சங்கரபாண்டி. பம்பை வெளியே எடுத்தது நான், இடது கையால். ரத்தம் ஊறிய சீட்டைத் தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சந்தேகத்துக்கு இடமில்லை. பம்பின் வயர்கள் சூட்டில் பழுப்பாகிவிட்டன. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கரிக்கட்டைகள் தேய்ந்து நகக்கண் அளவு. உறிஞ்சும் வலையில் டேங்க் அடி வண்டல் பிசினாக அப்பியிருக்கிறது. எப்போதும் அடியிலேயே உறிஞ்சிய பம்ப் அப்படித்தான் ஆகும். கொலைக்குப் பிறகு யாரும் ஒரு நாளில் செய்துவிடக்கூடிய தேய்மானம் இல்லை.

பம்பை அவர் முன்னால் டப்பாவில் போட்டு அரக்கு வைத்து, மாலையே நீதிமன்றத்தில் ஒப்படைத்தேன்.

"மேடம், பெட்ரோல் போட்டேன்னு நான் கோர்ட்டுல வந்து சொல்லணுமா?"

"சொன்னா நல்லது."

"சொல்லிருவோம். போட்டதுதான." பிறகு என் கட்டைப் பார்த்தார். "கதவா மேடம்?"

"கதவு."

"எந்தக் கதவுன்னு கேக்கலை" என்றார்.

ஜூன் 22, திங்கள்

சங்கரபாண்டி வரவில்லை. அவர் மனைவி போனில் சொன்னாள். நேற்று டீக்கடையில் நான்கு பேர். யூனிஃபார்மில் இல்லாததால் ஏட்டு என்று தெரியாது என்கிறார்களாம். கண்ணாடி டம்ளரை வாயில் திணித்துத் தாடையில் உதைத்திருக்கிறார்கள். "பெட்ரோல் போடுவியாலே" என்று கேட்டுக் கேட்டு உதைத்தார்களாம். தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறது. பல் ஏழு போயிற்று.

"அவுகளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளையம்மா. இனிமே அவுகளக் கூப்பிடாதீங்க" என்றாள்.

கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன்.

எனக்கு இன்று வீட்டு முன் ஜன்னல் கண்ணாடிகள் கல்லடியில் போயின. கூட்டிப் பெருக்கினேன். இடது கையால் பெருக்கினால் மூலைகள் சுத்தமாவதில்லை.

ஜூன் 23, செவ்வாய்

அறிக்கையை ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறேன். எளிய வேலைதான். இரண்டு அட்டவணை: நிறையப் பெட்ரோலோடு எடுத்த அளவுகள், ரிசர்வில் சூடேறிய பின் எடுத்த அளவுகள். எனக்கு எதிராகப் போகக்கூடியதையும் எழுதினேன். சோதனை நாளின் வெயில் ஏப்ரல் வெயில் அளவு இல்லை என்பதையும் எழுதினேன். ஏப்ரலில் இன்னும் சீக்கிரம் நின்றிருக்கும்.

அண்ணன் போன்: "விரல் எப்படி இருக்கு?"

"மூணு."

"கதவுல கவனமா இருட்டி. இன்னொரு கையும் இருக்குல்லா."

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். கேட்க வேண்டுமென்று நினைத்திருக்கவில்லை.

"எவரை?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 26, வெள்ளி

நீதிமன்றம். சேலை கட்ட ஒற்றைக் கையால் முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வந்து கொசுவம் பிடித்து விட்டாள். எதையும் கேட்கவில்லை.

மண்டபம் நிறைய ஆட்கள். பெண்ணின் அப்பா முன் வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன். லூர்துவை விலங்கோடு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். விரல் இல்லாத கைக்கு விலங்கு பொருந்தாமல் இடது கையை மட்டும் போலீஸ்காரரின் பெல்ட்டோடு பூட்டியிருந்தார்கள். மாரிச்செல்வி வரவில்லை. சங்கரபாண்டியும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் சோதனையை விளக்கினேன். நீதிபதி பம்பைக் கையில் வாங்கி, கரிக்கட்டைகளைப் பார்த்தார். நல்ல கேள்விகள் கேட்டார். பிறகு பெண் வீட்டாரின் வழக்கறிஞர் எழுந்தார். கையில் எங்கள் பிரின்சிபாலின் கடிதம். பதினைந்தாம் தேதி சோதனை நடக்கும்போதே பானெட் விழுந்து என் விரல்கள் உடைந்துவிட்டனவாம். சோதனை பாதியில் நின்றுபோயிற்றாம். அளவுகள் பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதியவையாம். கூட இருந்த ஏட்டும் இன்று சாட்சிக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னார்.

நன்றாகக் கட்டியிருந்தார்கள். அந்தக் கடிதம் நின்றால் சூடேறிய பின் எடுத்த அளவுகள் நிற்காது. ஆறின வண்டியின் அளவுதான் மிஞ்சும். லூர்து உள்ளேதான் இருப்பான்.

"கை எப்பம்மா உடைஞ்சது?" என்றார் நீதிபதி.

"பதினாறாம் தேதி காலையில. அளவெல்லாம் எடுத்து முடிஞ்ச மறுநாள்."

"எங்க?"

"என் வீட்டுல. பதினேழாந்தேதி சீட்டு ஆஸ்பத்திரியில இருக்கு."

"அதுல கதவுன்னுதான் போட்டிருக்கு" என்றார் வழக்கறிஞர். சீட்டையும் வாங்கி வைத்திருந்தார். "வீட்டுக் கதவா, கார்க் கதவா? வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரி போனீங்க, அப்படித்தானே மேடம்?"

ஜெசிந்தா எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"பதினாறாம் தேதி காலையில என் அண்ணன் கந்தவேல் வந்தாரு. அந்தா ரெண்டாவது வரிசையில இருக்காரு. என் கைய வாசக் கதவு இடுக்குல பிடிச்சு வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தினாரு. ரெண்டு தடவை."

"எதுக்காக?"

"சூடான பிறகு எடுத்த அளவ எழுதக்கூடாதுன்னு."

யாரோ பின்னால் "ஏய்" என்று கத்தினார்கள். நாற்காலி ஒன்று விழுந்தது. அண்ணன் எழுந்து "அவளுக்குப் புத்தி சரியில்லய்யா, கல்யாணம் ஆவாதவ" என்றார். முன்பு ஒருமுறை இதையேதான் என்னைப் பற்றி ஊரில் சொன்னார்கள். நீதிபதி அவரை வெளியே போகவிடாமல் நிறுத்தச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்தபோது அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

16ஆம் தேதிக் குறிப்பில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 29, திங்கள்

லூர்துவுக்கு ஜாமீன். வேறு அதிகாரியை வைத்து முதலிலிருந்து விசாரிக்க உத்தரவு. மாரிச்செல்வியை அப்பா வீட்டிலிருந்து எடுத்து அரசுக் காப்பகத்தில் வைத்து, அங்கே புதிதாக வாக்குமூலம் வாங்கச் சொல்லியிருக்கிறார் நீதிபதி. ஜெசிந்தா போனில் அழுதாள். கோபக்காரர்கள் அழுவார்கள் என்பதை நான் கவனித்ததில்லை.

அண்ணன் மனைவியும், என் மைனி, பேசினாள்: "இனிமே உனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கெடையாது. செத்தாலும் வராத."

"சரி மைனி" என்றேன்.

கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் எனக்கு முன்னாலேயே கழுவிவிட்டிருந்தாள்.

ஜூலை 3, வெள்ளி

ஜெசிந்தாவின் அலுவலகத்தில் லூர்துவைப் பார்த்தேன். நாளை வேறு மாவட்டத்துக்குப் போகிறான். தினமும் அங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறான். நானும் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவன் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

நன்றி சொல்ல வந்திருப்பான் என்று நினைத்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

"கேளு."

"பைபாஸ் ஏறுத இடத்துல ஒரு பங்க் இருக்கு. அருள் சொன்னான், 'மாப்ள, லைட்டு எரியுதே, அஞ்சு லிட்டர் போட்டுக்கிடுவோம், காசு நான் தாறேன்'னான். நான்தான் வேண்டாம்னேன். 'ரிசர்வுல நாப்பது கிலோமீட்டர் அடிக்கும்லே, இப்ப நின்னா பிடிச்சிருவாங்க'ன்னேன். அவன் சிரிச்சுட்டு, 'நீ டிரைவரு, நீ சொன்னா சரிதான்'னு சாஞ்சு உக்காந்துட்டான்."

ஜெசிந்தா தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

"அங்க அஞ்சு லிட்டர் போட்டிருந்தா வண்டி நின்னிருக்காதாக்கா?"

மிச்சமிருந்த இரண்டு விரலால் முழங்கால் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வருடமாக வகுப்பு எடுக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

"நின்னிருக்கும்ப்பா" என்றேன். "அது ஏற்கெனவே செத்த பம்ப். அஞ்சு லிட்டர் இல்லை, டேங்க நிரப்பியிருந்தாலும் அங்கனதான் நின்னிருக்கும்."

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான். நான் டேங்கத் திறந்து பாத்தேன்லா?"

அவன் முகத்தை முழங்கைக்குள் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. தழும்பு இழுக்கும், அழாதே என்று சொல்லத் தோன்றியது. கொஞ்சம் கழித்து எழுந்து முகம் கழுவப் பின்பக்கம் போனான்.

மேசைமேல் என் அறிக்கையின் நகல் இருந்தது. நான்காம் பக்கம், முதல் அட்டவணை: டேங்கில் பதினொரு லிட்டரோடு அதே பம்ப் ஒரு மணி நேரம் ஓடியது, முள் அசையவில்லை. அதன் கீழே நானே எழுதிய வரி: டேங்கில் போதிய பெட்ரோல் இருந்திருந்தால் அன்று வண்டி நின்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்தத் தாளை உருவி என் பைக்குள் வைத்தேன். ஜெசிந்தா பார்த்தாள். எதுவும் கேட்காமல் மற்ற தாள்களை அடுக்கி ஃபைலை மூடினாள்.

மூலப்பிரதி நீதிமன்றத்தில் இருக்கிறது. அவன் பிளஸ் டூ படித்தவன். வழக்கு நடக்கும்போது யாராவது அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருப்பான்.